வீட்டுப் பாதைக்கு எந்தக் கல்? ஓவர்சியர் பதில்கள்

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து 800 அடி உள்ளே தள்ளி வீடு கட்டப் போகிறோம். இப்போது இருப்பது பழைய வண்டிப்பாதைதான், மழை பெய்தால் பைக்கைக்கூட ரோட்டில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு காண்ட்ராக்டர் ஒன்றரை ஜல்லி, அதாவது ஒன்றரை அங்குல ஜல்லி கொட்டி, மேலே கிரஷர் பொடி (கல் உடைக்கும்போது விழுகிற தூள்) போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் காங்கிரீட் போட்டு ஒரேயடியாக முடித்துவிடுங்கள் என்கிறார். மச்சானோ, இடிச்ச வீட்டுக் கல்மண் சும்மா கிடைக்கிறது, அதைக் கொட்டி மெத்தி உயர்த்திவிடலாம் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் காண்ட்ராக்டர் சொன்னதைச் செய்துபார்த்தவன் கதையைக் கேளுங்கள். அந்த ஆள் நான்தான். ஒன்றியத்தில் ரோடு வேலை பார்த்த ஓவர்சியர், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், சொந்த வீட்டுப் பாதைக்கு அவசரப்பட்டுக் கரிசல் மேல் நேராக ஒன்றரை ஜல்லியைக் கொட்டி உருளை விட்டேன். சித்திரையில் பார்க்க ஜோராக இருந்தது. கார்த்திகையில் செங்கல் லோடு வந்தது, இரண்டு சக்கரத் தடத்திலும் ஜல்லி உள்ளே போய்க் களி மேலே வந்துவிட்டது. தை மாதம் கடப்பாறையால் தோண்டிப் பார்த்தால் முக்கால் அடி ஆழத்தில் என் ஜல்லி, களிக்குள் பதித்த முந்திரிப்பருப்பு மாதிரி கிடக்கிறது.

காரணம் கல்லில் இல்லை. கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நனைந்த கரிசலுக்குச் சுமை தாங்கும் சக்தி ரொம்பக் குறைவு. பெரிய ஜல்லிக்கு இடையில் ஓட்டை அதிகம், அதனால் சக்கரம் அமுக்க அமுக்கக் கல் கீழே இறங்கும், களி அந்த ஓட்டை வழியாக மேலே ஏறும். எத்தனை லோடு கொட்டினாலும் மண் தின்றுகொண்டே இருக்கும்.

ஆகவே எந்தக் கல் என்பதற்கு முன்னால் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்: மழைத் தண்ணீர் உங்கள் காட்டில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது? அடுத்த மழையில் குடையோடு போய் நின்று பாருங்கள். பாதையைக் குறுக்கே வெட்டி ஓடுகிற இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். அந்த இடங்களில் ஹியூம் பைப், அதாவது காங்கிரீட் குழாய் வரும். ஒரு அடி விட்டத்தில் போட்டால் தண்ணீர் போகும், ஆனால் இரண்டு மழையில் குப்பையும் மண்ணும் அடைத்துவிடும், கையை விட்டுத் தோண்டவும் முடியாது. முடிந்தால் இரண்டு அடி போடுங்கள். தார் ரோட்டு ஓரத்து வாறுகாலை, அதாவது வடிகாலைத் தாண்டுகிற இடத்தில் பைப் போட ரோடு யாருடையதோ அவர்களிடம், நெடுஞ்சாலைத் துறையோ ஒன்றியமோ, எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒருநாள் அவர்கள் ஜேசிபியோடு வந்து எடுத்துவிடுவார்கள்.

தண்ணீர் சேர்த்துக் கலந்த உடைகல்லை வெட்மிக்ஸ் மெக்காடம் என்று குவாரியில் சொல்கிறார்களே, அந்த மெக்காடம் ஒரு மனிதரின் பெயர், 1756இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவருக்கு முன்னால் ரோடு போட்டவர்கள் பெரிய பெரிய கல்லை அடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து, சுமையைத் தாங்குவது கல் இல்லை, அடியில் இருக்கிற மண்தான், அதைக் காய்ந்தபடி வைத்திருந்தால் போதும், மேலே சின்னச் சின்ன உடைகல் அடுக்கு தண்ணீரைத் தடுக்கும் கூரை மாதிரி என்றார். நம் ஊர்க் கரிசலுக்கென்றே சொன்னது போல இருக்கிறது, இல்லையா?

சரி, எப்படிப் போடுவது. பாதையை அரையடி ஒரு அடி பெட்டி மாதிரி தோண்டி அதில் கல்லை நிரப்புகிற பழக்கம் பல இடத்தில் பார்க்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். அது பாதை இல்லை, 800 அடி நீளத் தொட்டி. சுற்றிலும் இருக்கிற காட்டுத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து நிற்கும். புல்லும் வேரும் இருக்கிற மேல்மண்ணை மட்டும் வழித்துவிட்டு, இரண்டு பக்கமும் வாறுகால் வெட்டி, பாதை காட்டை விட ஒரு அடியாவது உயர்ந்து நிற்கிற மாதிரி சரள் கொண்டு மெத்தி, நடுவில் முதுகு வைத்து உருளை விடுங்கள். பத்தடி அகலப் பாதைக்கு ஓரத்தை விட நடு இரண்டரை அங்குலம் உயரமாக இருந்தால் தண்ணீர் தங்காது.

அதன் மேல் நான்கு அங்குலம் கிரஷர் பொடி. உங்கள் காண்ட்ராக்டர் மேலே போடச் சொன்ன அதே பொடிதான், நான் கீழே போடச் சொல்கிறேன். களி மேலே ஏறாமல் வடிகட்டித் துணி மாதிரி வேலை செய்யும். ஜியோ டெக்ஸ்டைல் விரிப்பு, அதாவது மண்ணுக்கு மேல் விரிக்கிற செயற்கை இழைத் துணி கிடைத்தால் அதை விரித்துப் பொடியைக் குறைத்துக்கொள்ளலாம், இரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான். அதன் மேல் ஆறு அங்குலம் ஜிஎஸ்பி, அதாவது பெருங்கல்லிலிருந்து பொடி வரைக்கும் எல்லா அளவும் கலந்து குவாரியிலேயே கிடைக்கிற கலவை. கடைசியாக மூன்று அங்குலம் வெட்மிக்ஸ், அதிலும் எல்லா அளவும் கலந்திருக்கும், தண்ணீரும் சேர்த்துக் கலந்தே வரும், வந்தவுடன் பரப்பி உருட்டிவிட வேண்டும். வெறும் முக்கால் ஜல்லியோ ஒன்றரை ஜல்லியோ ஒரே அளவாகப் போட்டால் கோலிக்குண்டு மேல் வண்டி ஓட்டுகிற மாதிரிதான், கடைசிவரை இறுகவே இறுகாது. ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கும், வேண்டவே வேண்டாம், உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். யூனிட் என்றால் 100 கன அடி. 800 அடி நீளம், 10 அடி அகலம், ஆறு அங்குலம் என்றால் 4,000 கன அடி, அதாவது 40 யூனிட். ஆனால் அது இறுகிய கணக்கு. லாரியில் வருவது தளர்வாக வரும், அதனால் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடவே சேர்த்து 50, 52 யூனிட் வாங்க வேண்டும். அதே கணக்கில் பொடி 34 யூனிட், வெட்மிக்ஸ் 26 யூனிட். ஆக மொத்தம் 112 யூனிட், ஆறு யூனிட் டிப்பரில் 19 நடை. டன் கணக்கில் விலை சொன்னால் ஒரு யூனிட்டுக்கு நாலு முதல் நாலரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்தவுடன் வெட்கப்படாமல் டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள். உள்ளளவு 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அவர் மூன்று யூனிட் என்றால் சரிதான். நாலு என்றால் சிரித்துக்கொண்டே டேப்பைக் காட்டுங்கள். நடைச்சீட்டு, அதாவது குவாரியிலிருந்து கல் கொண்டுவருவதற்கான அனுமதிச் சீட்டு இல்லாமல் வருகிற லோடை இறக்க வேண்டாம், விலை குறைவாக இருக்கும், ஆனால் சோதனை வந்தால் லாரியும் லோடும் உங்கள் வாசலில்தான் பிடிபடும்.

ஜேசிபியை இரண்டு தடவை மேலே ஓட்டிவிட்டு 'கம்பாக்‌ஷன் ஆச்சு' என்பார்கள். ஆகாது. எட்டு, பத்து டன் உருளை வேண்டும், ஒரு தடவைக்கு எட்டு அங்குலத்துக்கு மேல் தளர்வாகப் பரப்பக் கூடாது, தண்ணீர் டேங்கர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வைத்த முதுகை உருளையே தட்டையாக்கிவிடும். பாதி ஈரமாக இருக்கும்போது குதிகாலை ஊன்றித் திருகினால் கல் அசையக் கூடாது, அதுவரை உருட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நிறையப் பேர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். மேல் அடுக்கு வெட்மிக்ஸை இப்போது போடாதீர்கள்! வீடு கட்டக் கம்பி லாரி, செங்கல் லாரி, ரெடிமிக்ஸ் வண்டி எல்லாம் இந்தப் பாதையில்தான் வரும். பொடியும் ஜிஎஸ்பியும் வரை இப்போது போட்டு, அதன் மேலேயே கட்டுமான வண்டிகள் ஓடட்டும். ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று முழுசாக அதன் மேல் பெய்யட்டும். எங்கே பள்ளம் விழுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பாதையே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு மாதம் முன்னால் பள்ளத்தைச் சரிசெய்து வெட்மிக்ஸ் போட்டால் புது ரோட்டில் சொந்தக்காரர்கள் வருவார்கள். பொடி போடுவதற்கு முன்னாலேயே, 200 அடிக்கு ஒன்றாக நாலு அங்குல பிவிசி பைப்பைப் பாதைக்குக் குறுக்கே புதைத்து வையுங்கள். மோட்டார் ஒயரும் சொட்டுநீர்க் குழாயும் நாளைக்கு எந்தப் பக்கம் போகும் என்று இன்றைக்குத் தெரியாது, பாதையை மறுபடி வெட்டினால் மனசு தாங்காது.

காங்கிரீட்டைப் பற்றி. கரிசல் மேல் காங்கிரீட் போட்டாலும் அடியில் நான் சொன்ன பொடியும் ஜிஎஸ்பியும் போட்டே ஆக வேண்டும், அந்தச் செலவு மிச்சமாகாது. அதை விட்டுவிட்டு நேராகப் போட்டால் ஓரத்து மண் நனைந்து ஊதும், நடு மண் காய்ந்து கிடக்கும், பலகை நடுவில் வெடிக்கும். தார் ரோட்டில் சேருகிற முதல் 20 அடியும், கேட்டுக்கு முன்னால் வண்டி திரும்புகிற இடமும் மட்டும் காங்கிரீட் போடுங்கள். சக்கரம் பிரேக் போட்டுத் திரும்பிக் கல்லைக் கிளப்புவது அங்கேதான். போட்ட மறுநாளுக்குள் 13, 14 அடிக்கு ஒரு வெட்டு கொடுத்துவிட வேண்டும், நாமே கோடு கிழிக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்குக் கிழித்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு கலக்கிறார்களே என்றும் சிலர் கேட்பார்கள். கரிசலுக்கு அது நல்ல வைத்தியம்தான். எடையில் நூற்றுக்கு நாலு பங்கு நீற்றிய சுண்ணாம்புத் தூளை ரோட்டவேட்டர் விட்டுக் கலந்து தண்ணீர் தெளித்து உருட்டினால் களி தன் ஊதலை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பாதைக்கு ஆறு அங்குல ஆழத்துக்கு ஏழு டன் போல வரும். கண்ணிலும் தோலிலும் படாமல் வேலை பார்க்கிற ஆள் கிடைத்தால் செய்யலாம்.

மச்சானிடம் கோபப்படாதீர்கள். இடிச்ச கல்மண் அடியில் மெத்த நல்ல சரக்குதான், ஓட்டுத் துண்டும் செங்கல் துண்டும் சரளோடு கலந்தால் நன்றாக இறுகும். ஆனால் ஆணி, கம்பித் துண்டு, டைல்ஸ் துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்க ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் பஞ்சர் கடைச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா கிடைக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. கேட்டிலிருந்து 300 அடி. பேவர் பிளாக் போட வேண்டும் என்பது என் ஆசை, டிராக்டர் போனால் உடைந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, இரண்டு பேரும் பாதி சரி. பிளாக் உடையாது, புதையும். கார் நிறுத்துகிற வாசலுக்குப் போடுகிற 60 எம்எம் பிளாக்கை டிராக்டரும் தேங்காய் லாரியும் போகிற பாதைக்குப் போடக் கூடாது, 80 எம்எம் கனம், எம்-40 (காங்கிரீட்டின் வலிமைத் தரம்) என்று கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், அடியில் ஜிஎஸ்பி போட்டு இறுக்கி, அதன் மேல் மணல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அடித்தளத்தில் மிச்சம் பிடிக்க நாலு அங்குலம் எம்சாண்டைக் கொட்டி மட்டம் பார்த்துப் பிளாக் அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் ஆறு மாதத்தில் இரண்டு சக்கரத் தடமும் வாய்க்காலாகிவிடும். இரண்டு ஓரமும் காங்கிரீட்டில் பதித்த கர்ப் கல் கட்டாயம், ஓரம் நகர்ந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். தென்னை நிழலில் பேவர் பிளாக் பாசி பிடிக்கும். மழை மாதத்தில் பெரியவர்கள் வழுக்கி விழுகிற இடம் அது. எனக்கு விட்டால் கேட்டிலிருந்து 250 அடி வெட்மிக்ஸ், வாசலில் வெயில் படுகிற 50 அடி மட்டும் உங்கள் பேவர். வீட்டுக்காரருக்கும் வெற்றி, உங்களுக்கும் வெற்றி.

கேள்வி: திசையன்விளை பக்கம் தேரி மணலில், அதாவது செம்மணல் மேட்டில் 400 அடி பாதை வேண்டும். கார் சக்கரம் புதைந்து சுற்றுகிறது. ஜல்லி கொட்டினால் போதுமா?

பதில்: உங்களுக்குக் கோவில்பட்டிக்காரருக்கு நேர் எதிரான நோய். தேரியில் தண்ணீர் நிற்காது, அடிமண் ஊதாது, சுமை தாங்கும். ஒரே குறை, பக்கவாட்டில் பிடிப்பு இல்லாமல் சக்கரத்துக்கு வழிவிட்டு ஓடிவிடும். வெறும் ஜல்லி கொட்டினால் மணலோடு கலந்து காணாமல் போய்விடும். மணலைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம். மழை பெய்து மணல் நனைந்திருக்கும் நாளாகப் பார்த்து, மட்டம் செய்து, அதன் மேல் களிப்பிடிப்புள்ள செஞ்சரள் ஆறு அங்குலம் பரப்பி, தண்ணீர் விட்டு உருட்டுங்கள். சரளைக் கையில் ஈரமாக உருண்டை பிடித்துப் பாருங்கள், உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கையில் பசை மாதிரி ஒட்டக் கூடாது. ஒட்டினால் மழையில் வழுக்கும், உதிர்ந்தால் கோடையில் புழுதியாகிப் பறக்கும்.

மணலுக்கும் சரளுக்கும் நடுவில் தென்னை நார் விரிப்பு கிடைத்தால் நல்லது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்திலேயே 2020இல் கயிற்று நார் விரிப்புக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், நம் மாநிலத்து ரோடுகளும் அதில் உண்டு. நார் சில வருடங்களில் மக்கிவிடும், அதற்குள் மேல் அடுக்கு இறுகி நின்றுவிடும் என்பதுதான் கணக்கு. ஓரத்தில் கல்லோ, இல்லை அடர்த்தியான புல்லோ வைத்துப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 500 அடி ஏற்றம். ஒவ்வொரு மழைக்கும் சரள் எல்லாம் கீழே ரோட்டுக்கு வந்துவிடுகிறது. வருடா வருடம் அள்ளி மேலே கொண்டுபோகிறோம்.

பதில்: டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் வைத்து ஏற்றத்தை அளந்துவிடுங்கள். பத்தடிக்கு ஒரு அடி ஏறுகிற வரைக்கும் நன்றாக உருட்டிய வெட்மிக்ஸ் நிற்கும். அதற்கு மேல் ஏறுகிற இடங்களில் எந்தச் சரளும் நிற்காது, அங்கே மட்டும் சக்கரத்துக்கு இரண்டு அடி அகலத்தில் இரண்டு காங்கிரீட் பட்டை போடுங்கள், நடுவுக்கு நடு ஐந்தடி. முழு அகலத்துக்குப் போடுவதில் பாதிக்கும் குறைவான காங்கிரீட்தான் ஆகும். இரண்டு பட்டைக்கும் இடையில் மண்ணை விடாதீர்கள், தண்ணீர் அதையே ஓடையாக்கிவிடும், கருங்கல் பதித்துவிடுங்கள். பட்டை மேல் துடைப்பத்தால் குறுக்கே வரி இழுக்கச் சொல்லுங்கள், பட்டை கீழே நழுவாமல் இருக்க அடியில் ஆங்காங்கே ஒரு அடி ஆழத்துக்குப் பல் இறக்கச் சொல்லுங்கள்.

பாதையில் தண்ணீர் சேர்ந்து ஓடவே விடக்கூடாது என்பதுதான் மலையில் பாதி வேலை. மலைப்பக்கம் வாறுகால், பாதைக்குக் குறுக்கே 50, 60 அடிக்கு ஒரு சாய்வுத் தடுப்பு, அதில் விழுகிற தண்ணீர் காபிச் செடிக்குப் போகட்டும். ரோட்டுக்கு எதற்கு?

கேள்வி: மதுரையில் கண்டுபிடித்த பிளாஸ்டிக் ரோட்டை எங்கள் தோட்டத்துப் பாதைக்குப் போட முடியுமா? வீட்டில் சேர்த்த பிளாஸ்டிக் பை மூட்டை மூட்டையாக இருக்கிறது.

பதில்: தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனுடைய முறை அது, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். துண்டாக்கிய பிளாஸ்டிக்கை 160, 170 டிகிரிக்குச் சூடான ஜல்லி மேல் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், பிறகு தார் கலப்பார்கள். அதற்குச் சூடான கலவை பிளான்ட் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் தார் வேலை நடக்கும்போது அந்தக் காண்ட்ராக்டரிடம் பேசினால் ஒருவேளை ஒரு லோடு கிடைக்கும், தனியாக ஒரு தோட்டத்துப் பாதைக்கு யாரும் வர மாட்டார்கள். மூட்டைகளைப் பாதைக்கு அடியில் போட்டு மூடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பஞ்சு மெத்தை மேல் ரோடு போட்ட மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: கண்மாய் மண் இலவசமாக எடுக்க அனுமதி கொடுக்கிறார்களே, அதை எடுத்துப் பாதைக்கு மெத்தலாமா?

பதில்: அந்த அனுமதி விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும்தான். அது இல்லாவிட்டாலும் வண்டல் நெல்லுக்குத்தான் நல்லது, அதன் மேல் கார் ஓட்டிப் பார்த்தால் நாற்று நடுகிற பதத்தில் இருக்கும். தாசில்தாரிடம் அனுமதி வாங்கி வண்டலை வயலுக்கு அடியுங்கள், சரளைக் காசு கொடுத்து வாங்கிப் பாதைக்குப் போடுங்கள்.